மேற்கு வாசலில் நின்றவர்கள்

பங்குனி பிறந்து, கணவாயில் பனி உருகி வழிந்து, ஐந்து மாதமாய்ச் சாத்திக் கிடந்த மேற்கு வாசலை உப்புவாசல்காரர்கள் திறந்த அன்று, போன ஐப்பசியில் செத்துப்போன நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாசலுக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை, தோளில் கம்பளி, நீட்டிய வலது கையில் செப்புவில்லை. கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. வாடை இல்லை, ஈ மொய்க்கவில்லை, காகம் கிட்டே வரவில்லை. கதவு திறந்ததும் ஓரடிகூட முன்னால் வராமல், முறை தெரிந்த வியாபாரிகள் எப்போதும் நிற்கிற மாதிரியே, வாசற்காரி ‘உள்ளே வா’ என்று சொல்வதற்காக அவர்கள் நின்றார்கள்.

வாசற்காரியின் பெயர் செவந்தி. அப்பன் கண்ணை மூடியதிலிருந்து பதினாறு வருஷமாக அந்த வேலை அவளுடையது. உப்புவாசல் சின்ன ஊர். கிழக்கேயிருந்து உப்பும் துணியும் பொதிமாட்டில் ஏறி வரும், மேற்கே மேட்டுச்சீமையிலிருந்து கம்பளியும் தேனும் பெருங்காயமும் இறங்கி வரும், இரண்டும் கைமாறுகிற இடத்தில், இரண்டு மலைக்கு நடுவே, ஒரு மதிலும் ஒரு பெரிய கதவுமாக அந்த ஊர் உட்கார்ந்திருந்தது. மேட்டுச்சீமை வியாபாரி ஒவ்வொருவனுக்கும் ஊருக்குள் ஒரு வாடிக்கை வீடு உண்டு. அங்கேதான் தங்குவான், அந்த வீட்டு அடுப்பில் வெந்ததைத்தான் தின்பான். அவன் பெயரும் அந்த வீட்டின் குறியும் வெட்டிய செப்புவில்லை அவன் கையில் இருக்கும். அதை வாங்கிப் பெயரை உரக்க வாசித்து செவந்தி ‘உள்ளே வா’ என்று சொன்னால்தான் அவன் படியைத் தாண்டலாம். வில்லையோடு வரிசையில் நிற்பவனை வாசற்காரியைத் தவிர வேறு யாரும் தொட்டு நகர்த்தக்கூடாது என்பதும் சட்டம். செத்தவர்களுக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று அதுவரை யாரும் கேட்க வேண்டி வரவில்லை.

செவந்தி முதல் ஆளைப் பார்த்தாள். தேன்காரன் கோடன். திரும்பி, ஊர் மணியக்காரர் உத்தண்டியைப் பார்த்தாள்.

“என்ன செய்யட்டுங்க?”

உத்தண்டி வரிசையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பெரிய குரலில் பேசத் தெரியாத மனிதர் அவர். அதனாலேயே அவர் சொன்னதை ஊர் காது கொடுத்துக் கேட்கும்.

“அவங்க எதுவும் கேக்கலையே செவந்தி. கேட்டா பதில் சொல்லலாம். வெளிய நிக்கறாங்க, வெளிய நிக்கறது நம்ம ஊர்ல சேராது. சந்தையைப் போடச் சொல்லு.”

சந்தையைப் போட்டார்கள். முதல் நாள் ஊர் தலையைக் குனிந்துகொண்டு வியாபாரம் செய்தது. இரண்டாம் நாள் ஓரக்கண்ணால் பார்த்தது. மூன்றாம் நாள் வெயில் ஏறியபோது, கஞ்சி விற்கிற பவளாயி தன் பந்தலின் கயிற்றை இழுத்துக் கோடனின் மணிக்கட்டில் கட்டினாள். இருபது வருஷம் அவள் வீட்டில் தங்கித் தேன் விற்றவன் கோடன். கயிறு நன்றாக நின்றது, எந்தக் காற்றுக்கும் ஆடவில்லை. அதைப் பார்த்துவிட்டு வளையல்காரர் இரண்டு பேருக்கு நடுவில் கடையை விரித்தார், மாட்டுக்காரர்கள் மாட்டைக் கட்டினார்கள், பெண்கள் ஈரத்துணியைக் கொடி கட்டிக் காயப்போட்டார்கள், மிளகாய்க்காரி தன் தராசைத் தொங்கவிட்டுவிட்டு இப்படி ஒரு ஆடாத கை ஊருக்குள் எங்கே கிடைக்கும் என்று மெச்சிச் சொன்னாள். பெயரும் மெல்ல மெல்ல மாறியது. பங்குனியில் ‘அவர்கள்’ என்றார்கள். சித்திரையில் ‘நிற்கிறவர்கள்’ என்றார்கள். வைகாசியில், பந்தலுக்கு நடுகிற கால் மாதிரி, ‘கால்’ என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். முப்பதாம் கால் பக்கத்தில் நல்ல வெல்லம் வந்திருக்கிறது, அறுபதாம் கால் நிழலில் உட்கார்ந்திரு, வந்துவிடுகிறேன். பூசாரி வந்து சுற்றிப் பார்த்து, கீழே விழாத உடம்புக்குக் கருமாதி செய்ய முறை இல்லை, கும்பிடவும் முறை இல்லை என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் எண்பதாம் காலில் ஒரு கூடை வாங்கிக்கொண்டு போனார். கிழக்கூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள், வந்தவர்களுக்குச் சுண்டல் விற்றார்கள். கல்யாணம் நிச்சயமான ஒரு குடும்பம், முகம் சாந்தமாக இருக்கிறதென்று, நூற்றிருபதாவதாக நின்ற கம்பளிக்காரியின் காலில் பெண்ணை விழச் சொன்னது. மழை பெய்தது, நனைந்தார்கள். வெயில் அடித்தது, காய்ந்தார்கள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஒரே ஒரு காரியத்தை மட்டும் உப்புவாசலில் யாரும் செய்யவில்லை. அந்தக் கைகளில் இருக்கிற வில்லையில் எந்த வீட்டுக் குறி வெட்டியிருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

ஏன் இப்படி வந்து நிற்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், ‘போன வருஷம் பனி சீக்கிரம் வந்துவிட்டது’ என்று பதில் சொன்னார்கள். பொய் இல்லை, பனி சீக்கிரம்தான் வந்தது. ஆனால் பனிக்கு முன்னால் செய்தி வந்தது. மேட்டுச்சீமையில் கருங்காய்ச்சல், காதுக்குக் கீழே கரும்புள்ளி விழுந்தால் மூன்று நாளில் ஆள் போய்விடுகிறது என்று ஒரு மாட்டுக்காரர் ஓடி வந்து சொன்னார். அன்றைக்கே உத்தண்டி ஊரைக் கூட்டினார், பத்து ஆண்களும் செவந்தியும் சேர்ந்து கதவைச் சாத்திக் குறுக்குமரத்தைப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மேட்டுச்சீமைக்காரர்கள் வந்தார்கள். காய்ச்சல் கண்ட ஊர்களைவிட்டு நாலு நாள் நடந்து, தெரிந்த வாசல் அது ஒன்றுதான் என்று வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். பிறகு வாடிக்கை வீட்டுக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பவளாயி, நான் கோடன் வந்திருக்கிறேன். உத்தண்டி அண்ணே, பிள்ளையை மட்டுமாவது வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டுக்குள் சோறு இறங்கவில்லை. ஆகவே உத்தண்டி மதில்மேல் ஆறு முரசு ஏற்றினார். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அடித்தார்கள், பத்தொன்பது நாள் அடித்தார்கள், சின்னப் பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குத் தெருவில் ஆடினார்கள். இருபதாம் நாள் பனி கொட்டியது. முரசை நிறுத்திக் காது கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே சத்தம் எதுவும் இல்லை.

செவந்திக்கு ஒரு தம்பி இருந்தான், சடையன். ஆறு பொதிமாடு ஓட்டிக்கொண்டு, கதவு சாத்துவதற்குப் பத்து நாள் முன்பு மேட்டுச்சீமைக்கு ஏறிப் போயிருந்தான். வரிசையில் அவன் எங்கேயோ நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பங்குனியிலிருந்து ஆவணி வரை, கண்ணுக்கு எதிரே நின்ற முதல் பத்து முகத்தைத் தாண்டி அவள் பார்வையை ஓட்டியதில்லை. “உன் தம்பி நூத்தித் தொண்ணூறுக்குப் பக்கத்துல நிக்கறான் செவந்தி” என்று ஒருநாள் மிளகாய்க்காரி சொன்னாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். “அப்படியா” என்றாள் செவந்தி.

ஆவணியில் கிழக்கேயிருந்து ஓலை வந்தது. அரசனின் உப்பு, ஆயிரம் பொதிமாடு, மேட்டுச்சீமையைத் தாண்டி உள்ள பட்டணங்களுக்குப் போகிறது, பாதை அகலமாக இருக்க வேண்டும். உத்தண்டி இரண்டு நாள் யோசித்தார். பிறகு செவந்தியைக் கூப்பிட்டார்.

“பாதைக்குத் தெக்கே பள்ளம் இருக்கு. அதுல தள்ளிடலாம்னு ஊர்ல பேசியாச்சு. ஆனா கையில வில்லை இருக்கறவரைக்கும் நாங்க தொடமுடியாது. நீ வில்லையை வாங்கிட்டு வந்துரு. வில்லை இல்லாட்டி அவங்க யாரும் இல்லை.”

செவந்தி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு காலையில் புறப்பட்டாள். கடைக்காரர்கள் சாமான்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். கோடனின் விரல்கள் அவள் தொட்டதும் விரிந்துகொண்டன. பதினாறு வருஷப் பழக்கத்தில் அவள் வாய் தானாகவே வாசித்தது. ‘தேன்காரன் கோடன், பவளாயி வீடு.’ கூடையில் போட்டாள். அடுத்தவன் கோடனின் தம்பி, அதே வீடு. அவனுக்கு அடுத்து ஒரு கம்பளிக்காரி, பூசாரி வீடு. ஒரு புருஷனும் பெண்டாட்டியும், நடுவில் ஒரு குழந்தை, குழந்தையின் கையில் வில்லை இல்லாததால் அது தகப்பன் வில்லைமேல் தன் விரலை வைத்திருந்தது, உத்தண்டி வீடு. பெயரும் வீடும், பெயரும் வீடும் என்று அவள் வாசித்துக்கொண்டே போக, தன் விருந்தாளியை வெளியே நிறுத்தாத வீடு என்று ஊருக்குள் ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துகொண்டே வந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. கூடை கனத்தது.

இருநூற்று மூன்றாவது ஆள் சடையன்.

ஊர்க்காரனுக்கு வில்லை கிடையாது. மற்றவர்களைப் போலவே வலது கையை நீட்டியிருந்தான், அதில் ஒன்றும் இல்லை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. செவந்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து உத்தண்டி நடந்து வந்தார்.

“என்ன செவந்தி, உக்காந்துட்டே?”

“இவன் கையில வில்லை இல்லைங்க.”

“இல்லாட்டி விடு. அடுத்த ஆளைப் பாரு.”

“இவன் என் தம்பிங்க.”

“தெரியும்.”

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு பேசினாள். கதவு சாத்திய பதினோராம் நாள், வில்லையை வாங்கிப் பார்ப்பதற்கென்று கதவில் வெட்டியிருந்த சின்னச் சன்னலை யாரோ வெளியிலிருந்து சுரண்டினார்கள். திறந்தாள். ‘அக்கா, நான்தான். எனக்குக் காய்ச்சல் இல்லை. வேணும்னா தொட்டுப் பாரு’ என்று சடையன் கையை உள்ளே நீட்டினான். அவள் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. உள்ளங்கையைத் தொட்டாள், மணிக்கட்டைத் தொட்டாள், முழங்கை வரை தடவிப் பார்த்தாள். சூடே இல்லை.

“சூடு இல்லைன்னு தெரிஞ்சுதாங்க அந்தக் கையை வெளிய தள்ளிச் சன்னலைச் சாத்தினேன். ஒருத்தனுக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லலை.”

உத்தண்டி பள்ளத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொல்ல வேண்டியதில்லை. நான் மேல முரசுக்காரங்களோட நின்னுட்டிருந்தேன். உள்ள வந்த கையைப் பாத்தேன். நீ எங்க திறந்துடுவியோன்னுதான் இன்னும் பலமா அடிக்கச் சொன்னேன்.”

“திறந்துடுவேன்னா நெனச்சீங்க?”

“நெனச்சேன். நீ திறக்கலை. அன்னிக்கு உன்னைப் பத்தி ரொம்ப உசத்தியா நெனச்சேன்.”

அவர் அதை மனதார, அன்போடு சொன்னார். அவர் திட்டியிருந்தால் செவந்தி ஒருவேளை கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போயிருப்பாள். இந்த அன்பை அவளால் தாங்க முடியவில்லை. முழங்காலில் கையூன்றி எழுந்தாள். காய்ச்சல் இவர்களோடு ஊருக்குள் வந்தாலும் வரலாம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், வாசலில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

“சடையா, உள்ள வா.”

சடையன் ஓரடி எடுத்து வைத்தான். உத்தண்டி விலகி வழிவிட்டார், பிறகு தான் வழிவிட்டதை நினைத்துக் கதவைச் சாத்தச் சொல்லி வாசல் பக்கம் கையை ஆட்டினார். செவந்தி தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையில் கூடையோடு, வரிசையின் பக்கவாட்டிலேயே நடந்து வாசலுக்குப் போய், அவனைப் படியைத் தாண்டவிட்டு, கூடையைக் கொட்டிப் பெயரை வாசிக்க ஆரம்பித்தாள். தேன்காரன் கோடன், உள்ளே வா. கோடன் நடந்தான். மணிக்கட்டில் கட்டியிருந்த பந்தல் சரிந்து, கஞ்சிப்பானை உருண்டு, மூங்கிலும் கீற்றும் அவன் பின்னால் தெருவெல்லாம் இழுபட்டுப் போயின. பவளாயி “என் பந்தல், என் பந்தல்” என்று பின்னாலேயே போனாள். அவன் தெருவைத் தாண்டி, சந்து திரும்பி, அவள் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, இருபது வருஷமாகத் தான் உட்கார்கிற அடுப்போர இடத்தில் உட்கார்ந்தான். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கதவைச் சாத்த ஓடி வந்த பத்துப் பேரும் குறுக்குமரத்தைத் தூக்கினார்கள். ஆனால் படியைத் தாண்டி வருகிற ஒவ்வொருவருக்கும் செவந்தி வீட்டுப் பெயரையும் சேர்த்து வாசித்ததால், மரத்தைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டின் பெயரைக் கேட்டுப் பிடியைவிட்டார்கள். கடைசியில் மரம் தரையில் கிடந்தது. கையில் வாங்கின வில்லையெல்லாம் தீர்ந்ததும், மீதிப்பேர் தாங்களே படிக்கு வந்து நீட்டினார்கள், அவள் வாங்கி வாசித்தாள். பொழுது சாய்வதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

அதன்பிறகு அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். மணியக்காரர் வீட்டில் பதினெட்டுப் பேர், பூசாரி வீட்டில் ஒன்பது பேர், பவளாயி வீட்டில் இரண்டு பேர். சமைக்கிறவர்கள் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் சமைக்க வேண்டியிருந்தது. சிலர் அவர்கள்மேல் போர்வையைப் போட்டு மூடினார்கள். போர்வைக்கு அடியில் இருக்கிறார்கள் என்பது இன்னும் மோசமாக இருந்ததால் எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் பவளாயி, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, கோடனுக்கும் ஒரு கும்பாவில் கஞ்சி ஊற்றி வைத்தாள். மூன்றாம் நாள் காலையில், இனிக் காத்திருக்க எதுவும் இல்லாததால், அவர்கள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சாய்ந்தார்கள். உடம்பு உடம்பாயிற்று. அன்று மத்தியானமே ஊர் முழுக்க வாடை அடித்தது, ஈ வந்தது.

அவரவர் வீட்டு விருந்தாளியை அவரவர்தான் அடக்கம் செய்ய வேண்டும், அதுவும் பழைய சட்டம். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக் குளிப்பாட்டினார்கள். வாயில் துணி கட்டிக்கொண்டு, காய்ச்சலுக்குப் பயந்து பயந்துதான் தொட்டார்கள். முதலில் கவனித்தவள் பவளாயி. கோடனின் தலையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் தேய்த்தவள் நிறுத்தி, மறுபக்கம் திருப்பிப் பார்த்து, அவன் தம்பியையும் பார்த்து, பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். உத்தண்டி தானே வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கழுத்தையும் திருப்பிப் பார்த்தார். கரும்புள்ளி இருந்தது ஒன்பது பேருக்கு. மீதி நானூற்று மூன்று பேரின் கழுத்தும் சுத்தமாக இருந்தது.

“ஒன்பது பேரு” என்றாள் பவளாயி, கிணற்றடியில், யாரையும் பார்க்காமல். “ஒரு கொட்டாய் போட்டுத் தனியாப் படுக்க வச்சிருக்கலாம்.”

உத்தண்டி வாய் திறந்து, “நமக்கு அப்ப தெரியாது” என்றார். சொல்லிவிட்டு செவந்தி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் சடையனின் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

ஊருக்குள் காய்ச்சல் வரவில்லை. புதைக்க ஆறு நாள் பிடித்தது. அரசனின் உப்பு சொன்ன நாளில் வந்தது, அகலமான பாதையில் ஆயிரம் மாடும் போயின. சந்தை கூடியது, பந்தலுக்கு மூங்கில் வெட்டி வந்து நட்டார்கள். உத்தண்டி மணியக்காரராகவே இருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர் வீட்டுக்கு யாரும் போகவும் இல்லை. குரல் இன்னும் தணிந்துபோய், கடைசியில் அவர் உதடு அசைவதை வைத்துத்தான் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

செவந்தி வாசல் வேலையை விட்டுவிட்டாள். தம்பியைப் புதைத்த எட்டாம் நாள், எல்லா வில்லைகளையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு மேற்கே ஏறினாள். எங்கே போகிறாய் என்று பவளாயி கேட்டதற்கு, “அவங்க வீட்டுல சொல்லணுமில்ல” என்றாள். நாலாம் நாள் ஒரு ஊர் வந்தது. பதினைந்து வீட்டில் மூன்று வீட்டில்தான் புகை தெரிந்தது. முதல் வீட்டில் ஒருத்தி கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள்.

“கோடன் வீடு எதும்மா?”

“இதுதான். நான் அவர் பெண்டாட்டி. நீ எந்த ஊரு?”

“உப்புவாசல்.”

அவள் நூற்பதை நிறுத்தினாள். செவந்தி பைக்குள் கைவிட்டுத் தேடி வில்லையை எடுத்துக் கொடுத்தாள். அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்லைம்மா. எங்க ஊருக் கதவைச் சாத்திட்டோம். பனியில செத்துட்டாரு.”

“யாரு சாத்தினது?”

“நான்தான் வாசற்காரி.”

அந்தப் பெண் அழவில்லை. வில்லையைக் கம்பளியில் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். பவளாயி வீட்டுக் கொல்லையில் என்றாள் செவந்தி. “என் கொழுந்தனும் கூடப் போனான்” என்றாள் அவள். அவன் வில்லையும் இருக்கிறது என்று செவந்தி தரையில் உட்கார்ந்து, பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து ஒதுக்கினாள். நேரம் பிடித்தது. அந்தப் பெண் பக்கத்தில் நின்று, வில்லைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிடைத்ததும் வாங்கிக்கொண்டாள்.

“பக்கத்து வீட்டுலேருந்து நாலு பேரு போனாங்க. ஒருத்தி மட்டும் இருக்கா. வருவாங்கன்னு தினம் நாலு பேருக்கும் சேத்துத்தான் பொங்கறா. நீயே போய்ச் சொல்லு. என்னால ஆகாது.”

செவந்தி வில்லைகளை அள்ளிப் பையில் போட்டுக் கட்டி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்குள் அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. அரைத்து முடிக்கட்டும் என்று அவள் சற்று நின்றாள்.